செர்பியாவின் கீழ்ப்பிரிவுத் தடுப்பாட்டக்காரர்: அந்த லீக் பள்ளிக்கூடமா, சந்தையா?

பின்களப்பித்தன்:

செர்பியக் கால்பந்தின் இரண்டாம் பிரிவான பிர்வா லீகாவில் ஆடும் தடுப்பாட்டக்காரர்களின் ஆட்டக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆள்தான் வேறு, அச்சு ஒன்றுதான். 18 வயதில் ஊர் அணி. 20இல் பெரிய கிளப் ஒன்று ஒப்பந்தம் போட்டு, கையோடு கீழ்ப்பிரிவுக்கே இரவல் அனுப்பிவிடும். 23இல் ஒப்பந்தம் முடியும்; புதுப்பிக்க ஆளிருக்காது. பிறகு போஸ்னியா, மால்டா, ஐஸ்லாந்து என்று ஒரு சுற்று. முப்பதைத் தாண்டியதும் தொடங்கிய ஊருக்கே திரும்பி மூன்றாம் பிரிவில் ஆட்டம்.

இதை அந்த வீரர்களின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. முன்கள வீரர் 19 வயதில் பத்து கோல் போட்டால் விலை போய்விடுவார். தடுப்பாட்டக்காரர் பக்குவப்படுவது 25, 26இல். ஆனால் அவரால் கிளப்புக்குக் கிடைக்கும் ஆதாயம் அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், தொகையில் 5 சதவீதத்தை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. கணக்கில் வருவது 12 முதல் 23 வயது வரைதான். 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16இலிருந்து ஆண்டுக்கு 0.5. இதன் மேல் செர்பியாவின் ‘போனஸ் வீரர்’ விதி வேறு: உள்நாட்டு இளம் வீரர் ஒருவராவது களத்தில் இருந்தாக வேண்டும்.

ஆக 24 வயதுத் தடுப்பாட்டக்காரர் போனஸ் வீரரும் இல்லை. இனி அவரை வளர்த்தால் பங்கும் வராது. அவர் ஆட்டம் தேறத் தொடங்கும் ஆண்டில் கிளப் அவரைக் கைகழுவுகிறது. இப்படிப்பட்ட லீக்கைப் போய் வீரர்களை வளர்க்கும் பள்ளிக்கூடம் என்கிறார்கள். சந்தை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

சேதுராமன், கொளத்தூர்:

பித்தன் ஐயா, விதிகளைப் படித்த அளவுக்கு நீங்கள் ஆட்களைப் படிக்கவில்லை. உஷிட்சே என்ற ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குச் செர்பியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் தொழில் நகரம். அதன் ஸ்லோபோதா அணி பெரும்பாலும் கீழ்ப்பிரிவுகளில்தான் காலம் தள்ளியிருக்கிறது. அங்கே தொடங்கியவர்தான் ராடோமிர் அன்டிச். 1967–68இல் இரண்டாம் பிரிவில் ஸ்லோபோதாவுக்கு ஆடிய தடுப்பாட்டக்காரர். அங்கிருந்து பெல்கிரேடின் பெரிய கிளப்பான பார்ட்டிசான், துருக்கியின் ஃபெனர்பாச்சே, ஸ்பெயினின் சரகோசா, இங்கிலாந்தின் லூட்டன். 1983 மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில், ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கையில் அவர் அடித்த கோல் லூட்டனை முதல் பிரிவில் காப்பாற்றி சிட்டியைக் கீழே இறக்கியது. பின்பு ரியால் மாட்ரிட், அட்லெட்டிகோ, பார்சிலோனா மூன்றுக்கும் பயிற்சியாளராக இருந்த ஒரே மனிதர் என்ற பெயரும் அவருக்குத்தான். 1996இல் அட்லெட்டிகோவுக்கு லீக், கோப்பை இரண்டையும் வாங்கிக் கொடுத்தார்.

அதே ஊர்க்காரர் நெமன்யா விதிச். பெல்கிரேடின் இன்னொரு பெரிய கிளப்பான ரெட் ஸ்டார் அவரைச் சுபோதித்சாவின் ஸ்பார்தாக் அணிக்கு ஒரு பருவம் இரவல் அனுப்பியது. மூன்றே ஆண்டுகளில் மாஸ்கோ, 2006இல் மான்செஸ்டர் யுனைடெட். பிரானிஸ்லாவ் இவானோவிச்சின் தொடக்கம் ஸ்ரெம்ஸ்கா மித்ரோவித்சாவின் ஸ்ரெம் கிளப். 2013 யூரோப்பா லீக் இறுதியில் பென்ஃபிகாவுக்கு எதிராகக் 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் மூன்றாம் நிமிடத்தில் தலையால் கோல் முட்டி செல்சிக்குக் கோப்பை தந்தவர் அவர். மேடு பள்ளமான ஆடுகளத்தில், முழங்கையை ஓங்கிக்கொண்டு வரும் முப்பத்தைந்து வயது முன்கள வீரரை 18 வயதில் சமாளித்துப் பழகியவருக்குத்தான் அந்தத் துணிவு வரும். இளையோர் அகாடமிகளில் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:

சேது தம்பி, பரிசு விழுந்த மூன்று டிக்கெட்டை மட்டும் காட்டி லாட்டரியை நல்ல முதலீடு என்கிறீர்கள்.

பிர்வா லீகாவில் 16 கிளப்புகள். அதற்குக் கீழே ஸ்ர்ப்ஸ்கா லீகா: வோய்வோதினா, பெல்கிரேடு, கிழக்கு, மேற்கு என்று நான்கு குழுக்கள். எல்லாம் சேர்த்து எண்பதை ஒட்டிய கிளப்புகள் என்று வைத்துக்கொள்வோம். அணிக்கு ஏழெட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் என்றால் எந்த ஆண்டிலும் சுமார் அறுநூறு பேர். நீங்கள் சொன்ன மூவரும் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பரவிக் கிடக்கிறார்கள்.

அந்த மூவரிலும் இருவர் உங்கள் வாதத்துக்கு உதவமாட்டார்கள். அன்டிச் இரண்டாம் பிரிவில் இருந்தது சொற்ப காலம். 1968இலேயே பார்ட்டிசான் கூட்டிக்கொண்டது. விதிச் பதின்ம வயதிலேயே ரெட் ஸ்டாருக்குப் போனவர். இரவல் போன இடத்திலும் சம்பளத்துக்கும் பெயருக்கும் பின்னால் ரெட் ஸ்டார் நின்றது. இவானோவிச் ஒருவரைத்தான் கீழிருந்து ஏறியவர் என்று ஒப்புக்கொள்ள முடியும்.

மீதி அறுநூறு பேர் எப்படிப் பிழைக்கிறார்கள்? உலகத் தொழில்முறை வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 வீரர்களிடம் விசாரித்தது. 45 சதவீதத்தினரின் மாத வருமானம் 1,000 டாலருக்கும் கீழே. 41 சதவீதத்தினருக்கு முந்தைய இரு பருவங்களில் சம்பளம் தாமதமாகியிருந்தது. அதுவும் முறையான தொழில்முறை வீரர்களிடம் எடுத்த கணக்கு. ஸ்ர்ப்ஸ்கா லீகாவில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

பெல்கிரேடில் இருந்தவன்:

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் அங்கே இருந்தேன். கீழ்ப்பிரிவு ஆட்டங்களுக்கு அடிக்கடி போவேன். பெரிய கிளப்புகளின் மைதானத்தில் பட்டாசுப் புகையில் ஆட்டமே தெரியாது என்பதும் ஒரு காரணம். வொஷ்தோவாட்ஸ் கிளப்பின் மைதானம் ஒரு வணிக வளாகத்தின் மொட்டைமாடியில் இருக்கிறது, 2013இலிருந்து. கீழே மளிகை வாங்கிவிட்டு மேலே ஆட்டம் பார்க்கலாம்.

இங்கே யாரும் தொடாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலான கிளப்புகளுக்கு உரிமையாளர் என்று ஒருவர் கிடையாது. சட்டப்படி அவை குடிமக்கள் சங்கங்கள். பணம் நகராட்சியிடமிருந்தோ ஊரின் தொழிற்சாலையிடமிருந்தோ வரும். லுச்சானி என்ற சிற்றூரின் ம்லாதோஸ்த் அணிக்குப் பின்னால் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. கோர்ன்யி மிலானோவாட்ஸ் ஊரின் மெத்தாலட்ஸ் அணி, சமையல் பாத்திரத் தொழிற்சாலையின் பெயரையே தாங்கியது. மேயர் மாறினாலோ தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தாலோ அணியும் கலையும். தடுப்பாட்டக்காரர் எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உஷிட்சேயிலேயே உதாரணம் கிடைக்கும். பக்கத்தில் செவோய்னோ என்ற உலோகத் தொழில் ஊர். அதன் அணி 2009இல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே செர்பியக் கோப்பை இறுதி வரை போனது. பார்ட்டிசானிடம் 0–3 என்று தோற்றது. அடுத்த ஆண்டே அந்த அணியை ஸ்லோபோதாவுடன் இணைத்துவிட்டார்கள். இரண்டு அணிகளின் தடுப்பாட்டக்காரர்களும் ஒரே அணியின் நான்கு இடங்களுக்குப் போட்டி. கோப்பை இறுதியில் ஆடியதற்கு அதுதான் பலன். சேது சொல்லும் பள்ளிக்கூடத்தை இப்படி ஓராண்டில் இழுத்து மூடிவிடலாம்.

வானதி:

நால்வரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறீர்கள். மால்டாவுக்கோ ஐஸ்லாந்துக்கோ போனால் அந்த வீரரின் கதை முடிந்தது என்று பேசுகிறீர்கள். ஏன்?

யூகோஸ்லாவியக் காலத்தில் 28 வயதுக்கு முன் வெளிநாடு போக முடியாது என்ற விதி 1980களின் பிற்பகுதி வரை இருந்தது. சேது ஐயா புகழும் அன்டிச்சே 1976இல், 28ஐ நெருங்கிய வயதில்தான் ஃபெனர்பாச்சேவுக்குப் போனார். இன்று 24 வயதுத் தடுப்பாட்டக்காரர் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் எந்த நாட்டுக்கும் தொகையில்லாமல் போகலாம். பித்தன் அண்ணா ‘கைகழுவுகிறது’ என்றார். கிளப் கைவிட்டதும் வீரர் விடுதலை பெற்றதும் ஒரே நாளில்தானே நடக்கின்றன?

சென்னைக்காரர்கள் லாசர் சிர்கோவிச்சைப் பார்த்திருப்பீர்கள். 2023–24இல் சென்னையின் எஃப்சியின் பின்களத்தில் ஆடிய செர்பியர். பார்ட்டிசானில் ஆடி, சுவிட்சர்லாந்தின் லுசெர்ன், பிறகு இஸ்ரேல், ஹங்கேரி என்று போய், முப்பது வயதுக்கு மேல் சென்னை நேரு மைதானத்துக்கு வந்தார். அவர் கீழ்ப்பிரிவுக்காரர் அல்லர், உண்மைதான். ஆனால் பாதை அதேதான்: ஒவ்வொரு நாட்டிலும் ஓரிரு பருவம், ஒவ்வொன்றிலும் புது ஒப்பந்தம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்த வேலை பார்க்கும் பொறியாளரை நாம் தோற்றவர் என்கிறோமா?

பின்களப்பித்தன்:

வானதி, பொறியாளருக்கு ஐம்பது வயதிலும் வேலை இருக்கும். இவருக்கு 33இல் முட்டி தேய்ந்துவிடும்.

அந்த 28 வயது விதியை நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். அது கொடுமையான விதி, மறுக்கவில்லை. ஆனால் தடுப்பாட்டக்காரர் பக்குவப்படும் வயதில் ஊரிலேயே இருந்தார். கீழ்ப்பிரிவில்கூட 26 வயது வீரர்கள் எதிரெதிரே நின்றார்கள். ரெட் ஸ்டார் 1991இல் பாரியில் மார்செய்யைப் பெனால்டியில் வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை வென்றது அப்படி ஊறிய லீக்கிலிருந்துதான். ஒப்பந்தம் முடிந்த வீரர் தொகையில்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்ற போஸ்மன் தீர்ப்புக்குப் பின் அப்படியொரு அணி அங்கே உருவாகவில்லை.

சேதுராமன், கொளத்தூர்:

இதென்ன நியாயம்? பித்தன் ஐயா சந்தை வேண்டாம் என்கிறார். கூடவே வீரர்களைப் பூட்டி வைத்த காலத்துக்கும் ஏங்குகிறார். 1991 அணி சிதறியதற்குப் போர் காரணம், பொருளாதாரத் தடை காரணம். போஸ்மன் தீர்ப்பு வந்ததே 1995 டிசம்பரில். அதற்கு நெடுநாள் முன்பே அந்த அணியில் பெரும்பாலோர் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இருந்தார்கள்.

பணம் ஒழுங்காக வந்தால் கீழ்ப்பிரிவிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு பாச்கா டோபோலாவின் டிஎஸ்சி இருக்கிறது. ஹங்கேரி அரசின் உதவியோடு அகாடமி கட்டினார்கள், 2019இல் மேல் பிரிவுக்கு ஏறினார்கள், 2022–23இல் இரண்டாம் இடம், அடுத்த பருவம் யூரோப்பா லீக்கில் வெஸ்ட் ஹாமுடன் ஒரே குழு. சின்ன ஊர்தான்.

பெல்கிரேடில் இருந்தவன்:

சேது, அந்த ஊரில் ஹங்கேரிய மொழி பேசுவோர்தான் பெரும்பான்மை. அதனால் புடாபெஸ்டிலிருந்து பணம் வந்தது. உஷிட்சேக்கு எந்த நாட்டின் பிரதமர் பணம் அனுப்புவார்?

கணக்குப்பிள்ளை:

பித்தன் சொன்ன பங்குக் கணக்குக்கு வருகிறேன். சண்டையைத் தீர்க்க வழி இருந்தால் அங்கேதான் இருக்கிறது. இவானோவிச்சை 2008 ஜனவரியில் செல்சி வாங்கியபோது செய்திகளில் வந்த தொகை ஏறக்குறைய 90 லட்சம் பவுண்டு. அதில் 0.5 சதவீதம் என்றால், 16 வயதுக்குப் பின் அவரை வைத்திருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கிளப்புக்கு 45,000 பவுண்டு. செல்சிக்கு அது சில்லறை. ஸ்ரெம் போன்ற கிளப்புக்கு ஒரு பருவத்தையே ஓட்ட உதவும் பணம்.

இந்தக் கணக்கை 23இல் நிறுத்தாமல் தடுப்பாட்டக்காரர்களுக்கும் கோல்கீப்பர்களுக்கும் 26 வரை நீட்டினால் என்ன? 24 வயதுக்காரரை வைத்துக்கொள்ள சிறிய கிளப்புக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

வானதி:

அண்ணா, காரணம் கிடைத்தால் அவரை வெளியேவும் விடமாட்டார்கள். சம்பளம் தராமலே ஒப்பந்தத்தை மட்டும் நீட்டச் சொல்லும் கிளப்புகள் இப்போதே இருக்கின்றன. அந்த 45,000 பவுண்டில் வீரருக்கு எவ்வளவு?

கணக்குப்பிள்ளை:

இன்றைய விதியில் ஒன்றுமில்லை. அதையும் சேர்த்து மாற்றலாம்.

பின்களப்பித்தன்:

யார் மாற்றுவது? கொடுக்க வேண்டிய 5 சதவீதம் கடைசியாக விற்கும் கிளப்பின் தொகையிலிருந்துதான் கழிகிறது. செர்பியாவில் கடைசியாக விற்பது பெரும்பாலும் ரெட் ஸ்டாரும் பார்ட்டிசானும். தங்கள் பங்கைக் குறைத்து ஸ்ரெமுக்கும் ஸ்லோபோதாவுக்கும் கூடுதலாகக் கொடுங்கள் என்று அவர்களே கூட்டமைப்பில் கை தூக்குவார்களா? 2015இல் ஃபிஃபா, வெளியாட்கள் வீரர்களின் விற்பனைத் தொகையில் பங்கு வாங்கி வைத்திருப்பதைத் தடைசெய்தபோதும் இப்படித்தான் நம்பிக்கையோடு பேசினோம். அதற்குப் பின்னும் 20 வயதுத் தடுப்பாட்டக்காரரை வாங்கி இரவல் அனுப்பும் பழக்கம் நிற்கவில்லை.

சேதுராமன், கொளத்தூர்:

இரவல் நிற்க வேண்டாம் ஐயா. அது இல்லாவிட்டால் விதிச் சுபோதித்சாவுக்குப் போயிருக்கமாட்டார். ரெட் ஸ்டாரின் மாற்று வீரர் இருக்கையில் ஒரு வருடம் வீணாகியிருக்கும்.