ஃபுஜிமோரி பெருவைக் காப்பாற்றினாரா?

கதிரவன்:
தென் அமெரிக்க நாடான பெருவின் முன்னாள் ஜனாதிபதி ஃபுஜிமோரி என்றாலே சர்வாதிகாரி, கொலைகாரர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1990இல் அவர் கைக்கு வந்த பெரு எப்படி இருந்தது? அந்த ஆண்டு பணவீக்கம் 7,000 சதவீதத்தைத் தாண்டியது, வாங்கிய சம்பளத்தை அன்றைக்கே செலவழிக்காவிட்டால் காகிதம். மலைக் கிராமங்களில் ஒளிரும் பாதை என்ற மாவோயிஸ்ட் இயக்கம் வைத்ததுதான் சட்டம். 1983இல் லூகானாமார்காவில் 69 பேரைக் கொன்றார்கள், கைக்குழந்தையைக்கூட விடவில்லை. ஜப்பானியக் குடியேறிகளின் மகன், விவசாயப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர், பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லாமல் தேர்தலில் நின்று எழுத்தாளர் வர்காஸ் யோசாவையே தோற்கடித்தார். இரண்டே ஆண்டில் ஒளிரும் பாதையின் தலைவர் குஸ்மான் சிறையில். இதற்கு அந்த நாடு நன்றி சொல்லக்கூடாதா?

தேன்மொழி:
நன்றி சொல்ல வேண்டும்தான், ஆனால் யாருக்கு? குஸ்மானைப் பிடித்தது போலீஸின் ஒரு சின்ன புலனாய்வுப் பிரிவு. அது 1990 மார்ச்சில், ஃபுஜிமோரி பதவிக்கு வரும் முன்பே தொடங்கப்பட்டது. தலைநகர் லிமாவின் சுர்கியோ பகுதியில் ஒரு நடன ஆசிரியை வாடகைக்கு இருந்த வீட்டைக் கண்காணித்தார்கள். கீழே நடன வகுப்பு நடக்கிறது, ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பதாகச் சொன்னவர்களுக்கு மீறிய குப்பை வெளியே வருகிறது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் சிகரெட் துண்டுகள், சொரியாசிஸுக்குப் போடும் களிம்பின் காலி ட்யூப்கள். குஸ்மானுக்கு அந்தத் தோல்நோய் உண்டு என்று அவர்களுக்கு முன்பே தெரியும். 1992 செப்டம்பர் 12 இரவு உள்ளே போனார்கள், ஒரு உயிர் போகவில்லை. அன்று ஜனாதிபதி அமேசான் பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருந்தார், நடவடிக்கை பற்றி அவருக்குத் தகவலே இல்லை.

கதிரவன்:
சரி, பிடித்தது போலீஸ். ஆனால் மலையில் போரை நடத்தியது யார்? கிராமத்து விவசாயிகளின் காவல் குழுக்களுக்குத் துப்பாக்கி கொடுத்து, சட்ட அங்கீகாரமும் கொடுத்தது அவர் அரசு. அதற்கு முன்பு ராணுவமே அந்த மக்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. லிமாவில் உட்கார்ந்து ஜனநாயகம் பேசியவர்கள் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பணவீக்கத்தையும் 1997க்குள் ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இளவேனில்:
பணவீக்கம் இறங்கியது உண்மை. ஆனால் விலைக் கட்டுப்பாட்டை ஒரே அடியில் எடுத்துவிடும் அதிர்ச்சி வைத்தியம் வேண்டாம் என்று வாக்குக் கேட்டவர் அவர், பதவியேற்ற அடுத்த மாதமே அதைச் செய்தார், பெட்ரோல் விலை ஒரே இரவில் 30 மடங்கு ஆனது. அப்புறம் அந்தக் கருத்தடைத் திட்டம்! 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அறுவை சிகிச்சை, அதில் ஏராளமானோர் மலைப் பழங்குடி மொழியான கெச்சுவா பேசும் ஏழைகள், மிரட்டியும் ஏமாற்றியும் செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். அவர் காப்பாற்றியதாகச் சொல்லும் அதே மலைக் கிராமத்துப் பெண்கள்தான் கதிரவன்.

தேன்மொழி:
காவல் குழுக்களுக்குத் துப்பாக்கி கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1991 நவம்பரில் லிமாவின் பாரியோஸ் ஆல்தோஸில் ஒரு விருந்துக்குள் ராணுவத்தின் ரகசியக் கொலைப்படை புகுந்து 15 பேரைச் சுட்டதே, அதில் 8 வயதுப் பையனும் ஒருவன். அடுத்த ஆண்டு லா கந்தூத்தா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரும் 9 மாணவர்களும். இவர்களைக் கொன்றதால் குஸ்மான் ஒரு நாள் முன்னதாகப் பிடிபட்டாரா? குஸ்மான் போன்றவர்கள் மீது முகமூடி போட்ட ராணுவ நீதிபதிகளை வைத்து அவசரமாக நடத்திய வழக்குகளைப் பிற்பாடு அரசியலமைப்பு நீதிமன்றமே தள்ளிவிட, குஸ்மானை 2006இல் சிவில் நீதிமன்றத்தில் மறுபடி விசாரித்துத்தான் ஆயுள் தண்டனை கொடுக்க முடிந்தது. 1992 ஏப்ரலில் ஃபுஜிமோரி நாடாளுமன்றத்தைப் பூட்டிச் சம்பாதித்தது இதைத்தான்.

கதிரவன்:
நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். 2021 ஜனாதிபதித் தேர்தலில்கூட அவர் மகள் கெய்கோ சுமார் 44,000 வாக்கில்தான் தோற்றார். பாதி நாட்டுக்கு ஞாபகமறதி என்கிறீர்களா?

தேன்மொழி:
இல்லை, அவர்கள் பயத்தோடு வாழ்ந்தவர்கள், அந்த நன்றி உண்மையானது. அதை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி. உளவுத்துறையை ஆட்டிவைத்த மொந்தேசினோஸ், எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருக்குக் கட்சி மாற 15,000 டாலரை எண்ணிக் கொடுக்கும் வீடியோ 2000 செப்டம்பரில் டிவியில் வந்தது. நவம்பரில் ஃபுஜிமோரி டோக்கியோவில் இருந்துகொண்டு ராஜினாமாவை ஃபேக்ஸில் அனுப்பினார். 2009இல் பெருவின் நீதிபதிகளே அந்தக் கொலைகளுக்காக அவருக்கு 25 ஆண்டு சிறை கொடுத்தார்கள். முகமூடி இல்லாமல், பகிரங்கமாக, அவருடைய வக்கீலை முழுசாகப் பேசவிட்டு நடத்திய விசாரணை அது.