மைக்கார்ட்டா தண்ணி குடிக்குமா குடிக்காதா

கவ்வாத்துக்கத்தி: நேத்து இங்க ஒருத்தர் "கத்திப் பிடின்னா ஜி10 (கண்ணாடி நார்த் துணிப் பலகை) தான், மைக்கார்ட்டா தண்ணி குடிச்சு ஊதிரும், நம்ம மலை மழைக்கு ஆகாது"ன்னு எழுதியிருந்தாரு, அத பாத்ததுல இருந்து மனசே ஆறல. பொகவந்தலாவையில 11 வருஷமா கத்தி செய்றேன். மைக்கார்ட்டா தண்ணி குடிக்காது. கன்வஸ் துணிய பீனாலிக் ரெசின்ங்கிற பிசின்ல ஊறவச்சு, சூடும் அழுத்தமும் குடுத்து பலகையாக்குன சாமான் அது. 1910 வாக்குல அமெரிக்காவுல வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி கரண்ட் வேலைக்குன்னே கொண்டு வந்தது. தண்ணி குடிக்கிற சாமான கரண்டுக்கு எவனாவது வைப்பானா?

நானுஓயா குளிர்: எழுதுனது நான் தான், பேர சொல்லியே கேக்கலாமே அண்ணே. குடிக்கும். சணல் சாக்க வெட்டி 14 அடுக்கு எபொக்சி பசை தடவி, ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு கிளேம்ப்ல இறுக்கி நானே செஞ்சேன். ரெண்டு மாச மழைல பிடியோட ஓரம் ஊதி, அடுக்கு பிரிஞ்சு, பிடிய மாட்டுற பின் ஆணி பக்கத்துல விரல் வச்சா நகம் உள்ள போகுது. இத கண்ணால பாத்த பிறகு குடிக்காதுன்னு நீங்க சொன்னா நான் எப்படி நம்புறது?

கவ்வாத்துக்கத்தி: சாக்குல செஞ்சுட்டு மைக்கார்ட்டான்னு பேரு வைக்கிறியே தம்பி. மைக்கார்ட்டா தண்ணி குடிக்காது.

பட்டறை மகன்: ரெண்டு பேரும் வேற வேற சாமான பத்தி பேசுறீங்க. ஒன்னு பெக்டரி பலகை, ஒன்னு வீட்டுல ஒட்டுனது. வீட்டுல ஒட்டுறதுல ரெசின் நூலுக்குள்ள முழுசா இறங்காது, அதான் ஊதுது. முதல்ல எத மைக்கார்ட்டான்னு சொல்றோம்னு முடிவு பண்ணிட்டு பேசலாம்.

நானுஓயா குளிர்: சரி, பெக்டரி பலகையும் வச்சு பாத்துட்டேன். கன்வஸ் மைக்கார்ட்டா துண்டு ஒன்னும் அதே அளவு ஜி10 துண்டு ஒன்னும் வாளித் தண்ணியில ஒரு ராத்திரி போட்டு, காலையில துணியால நல்லா தொடச்சு தராசுல வச்சேன். கன்வஸ் 41.2 கிராம் இருந்தது 41.6 ஆயிருச்சு. ஜி10 53.6, அப்படியே 53.6. கண்ணாடி நார்த் துணியும் எபொக்சியும், அதுக்குள்ள தண்ணி எங்க போகும்? இப்ப சொல்லுங்க, குடிச்சுச்சா இல்லியா?

கவ்வாத்துக்கத்தி: அது மேல ஒட்டுன ஈரம். தண்ணி குடிக்கல. 0.4 கிராமுக்கு கத்தியே கெட்டுப்போன மாதிரி பேசுற, உன் ஜி10 பிடி அதே அளவுக்கு 12 கிராம் கூட இருக்குன்னு உன் தராசே சொல்லுது, அத மட்டும் பாக்க மாட்ட. தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுற மனுசன் காலையில இருந்து கத்திய வீசுறான், மணிக்கட்டு வலிய உன் தராசா தாங்கும்? 400 நம்பர் சேண்ட் பேப்பரோட நிறுத்தி பாலிஷ் போடாம விட்டா, மைக்கார்ட்டா ஈரக் கையில இன்னும் நல்லா பிடிச்சுக்கும். எங்கப்பா மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வெட்டுனவரு, கொய்யா மரப் பிடி வழுக்கி இடது கட்டைவிரல்ல 5 தையல். நான் பிடிய பத்தி பேசுறது அதனால தான்.

தலவாக்கல தங்கச்சி: ஜி10 தேய்க்கிறப்போ வர்ற தூசு பத்தி யாருமே பேசலியே? கண்ணாடித் தூசு அது. எங்கண்ணன் மாஸ்க் இல்லாம தேய்ச்சுட்டு மூணு நாளு கழுத்தெல்லாம் அரிப்பு, இருமல். தண்ணி ஊத்தி ஊத்தி தான் தேய்க்கணும், மாஸ்க்கும் கட்டாயம் வேணும்.

நானுஓயா குளிர்: மாஸ்க் போட சோம்பல்னா அது ஜி10 குத்தமா? மைக்கார்ட்டா தூசும் நெஞ்சுக்கு ஆகாது தான்.

கொழும்பு ரயில்: மைக்கார்ட்டாவும் கேன்டீன் மேசைல ஒட்டுற போர்மைக்காவும் ஒரே சாமான் தானே, இதுக்கா இவ்வளவு சண்டை?

கவ்வாத்துக்கத்தி: ஒரே சாமான் இல்ல. வெஸ்டிங்ஹவுஸ்ல வேல செஞ்ச ரெண்டு பேரு வெளிய வந்து 1913ல ஆரம்பிச்ச கம்பெனி தான் போர்மைக்கா, மைக்கா கல்லுக்கு பதிலா வச்சதால தான் அந்தப் பேரு. கொழும்புக்கு போயி மலைய மறந்தவங்க எல்லாம் கவ்வாத்து கத்திய பத்தி பேச வேணாம்.

கொழும்பு ரயில்: நான் பொறந்தது மஸ்கெலியா லயத்துல. யாரு மறந்தா? நீங்க எங்க மாமாவுக்கு வித்த கத்தி பின் கழண்டு ஆடுறத தான் நீங்க மறந்துட்டீங்க. மூணு தடவ போன் அடிச்சாரு, எடுத்தீங்களா?

கவ்வாத்துக்கத்தி: அத கொதிக்கிற தண்ணியில போட்டு கழுவுனது யாருன்னு மாமாகிட்ட கேளு. கொதிச்சா பிடிய ஒட்டுன எபொக்சி இளகும். பிடிக்கு ஒன்னும் ஆகல, ஏன்னா மைக்கார்ட்டா தண்ணி குடிக்காது.

நானுஓயா குளிர்: 41.6.

பட்டறை மகன்: நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

தலவாக்கல தங்கச்சி: 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள கன்வஸ் மைக்கார்ட்டா பலகை மலைப்பக்கம் எங்கயாவது கிடைக்குமா? சின்னத் துண்டு போதும்.

கவ்வாத்துக்கத்தி: என்கிட்ட இருக்கு தங்கச்சி, வந்து எடுத்துக்கோ, காசு வேணாம். தராசு வச்சிருக்கவங்களுக்கு மட்டும் குடுக்க மாட்டேன்.