மறு: ‘மாற்றுப் பிளவிணைப்பு’ – ‘மாற்று’ வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

‘ஆல்டர்நேட்டிவ் ஸ்ப்ளைசிங்’ (alternative splicing) என்பதற்குப் பேராசிரியர் ஐயா முன்வைத்த ‘மாற்றுப் பிளவிணைப்பு’ என்ற சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முதலில் இடறுவது ‘மாற்று’தான்.

நான் ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்பதால், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களின் பரிசோதனை அறிக்கைகள் பாதி என்னிடம் வந்துவிடும். போன வாரம் ஓர் அக்கா, கணவரின் நுரையீரல் புற்றுநோய் அறிக்கையை நீட்டினார். ‘மெட் மரபணு, எக்சான் 14 விடுபட்டுள்ளது’ என்று இருந்தது. ஐயாவின் சொல்லை வைத்தே விளக்கத் தொடங்கினேன். “மாற்று மருத்துவமா? கஷாயம் கொடுப்பார்களா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாற்றுச் சாவி என்றால் அசல் சாவி வேறெங்கோ இருக்கிறது. இங்கே அசல் என்று ஒன்று கிடையாது. மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் இன்ட்ரான்கள் என்ற இடைத்துண்டுகளைக் களைந்துவிட்டு, எக்சான்கள் என்ற மற்றத் துண்டுகளை இடத்துக்குத் தக்கபடி வெவ்வேறு விதமாகக் கோக்கிறது செல். பல எக்சான்கள் கொண்ட மனித மரபணுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே ‘பல்வழி’ என்பேன்.

அடுத்து ‘பிளவிணைப்பு’. ராயபுரம் நண்பர் காசிமேட்டுக் கயிற்றை நினைத்து ‘புரிப்பின்னல்’ என்றார். அழகான சொல்தான். ஆனால் விசைப்படகில் காலம் கழித்த என் அப்பாவிடம் கேட்டேன். அறுந்த கயிற்றின் இரு முனைகளிலும் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுவார்களாம், எதையும் எறிவதில்லை. ஆர்.என்.ஏ.வில் எறிவதுதான் பாதி வேலை. 1977இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுக்கள் அடினோ வைரஸில் இதைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான்: ஆர்.என்.ஏ.வை வைரஸின் டி.என்.ஏ.வோடு ஒட்டவைத்தபோது, ஆர்.என்.ஏ.வில் களையப்பட்டதால் ஜோடி கிடைக்காத டி.என்.ஏ. பகுதிகள் வளையங்களாகப் பிதுங்கி நின்றன. 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு.

‘வெட்டிக்கோப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் ‘வெட்டி’ என்றால் வேலையற்றது. இன்னொரு யோசனையான ‘தொடுப்பு’க்கு ஊரில் இருக்கும் பொருளை நான் சொல்ல வேண்டியதில்லை.

களைந்து கோப்பது ‘களைகோப்பு’. இயல்பாக நடப்பது ‘பல்வழிக் களைகோப்பு’. கெட்டுப்போய் நடப்பது ‘பிறழ் களைகோப்பு’. புற்றுநோயைப் பற்றி எழுத இரண்டு சொற்களும் தேவை என்பதே என் வாதம்.

----

அம்மா, பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன்.

‘கோப்பு’ என்றால் கணினிக் கோப்புதானே நினைவுக்கு வரும்? அது போகட்டும். உங்கள் இரண்டு பெட்டிக்குள் பிசிஎல்-எக்ஸ் மரபணுவை எங்கே வைப்பீர்கள்? அதிலிருந்து வரும் புரதத்தின் நெடிய வடிவம் செல்லைச் சாகவிடாது. குறுகிய வடிவம் சாகத் தூண்டும். இரண்டுமே நலமான செல்லிலும் உண்டு. பல புற்றுநோய்களில் நெடியதன் பங்கு ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். இது பிறழ்வா?

----

பெரம்பூர் ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பிசிஎல்-எக்ஸில் நடப்பது பல்வழிக் களைகோப்புதான், சாய்ந்தது விகிதம். அதற்கு ‘வடிவச் சாய்வு’ என்று தனியாக ஒரு சொல் வைக்கலாம். மெட் கதை வேறு. எக்சான் 14இன் ஓரத்தில் டி.என்.ஏ. எழுத்தே மாறிப்போவதால் அந்தத் துண்டு விடுபடுகிறது. வேலை முடிந்த புரதத்தை அழிக்கச் சொல்லும் அடையாளம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அது இல்லாததால் ‘வளர், வளர்’ என்ற கட்டளை ஓய்வதில்லை. இரத்தம் உருவாவதில் கோளாறு வரும் சில நோய்களில் எஸ்எஃப்3பி1 என்ற மரபணு மாறி, கோக்கும் இயந்திரமே பழுதாகிறது. இவை இரண்டும் ‘பிறழ்’.

‘கோப்பு’ பற்றி: தாள்களைக் கயிற்றில் கோத்து வைத்ததால்தானே அலுவலகக் கோப்புக்கே அந்தப் பெயர்? சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அந்த அக்காவின் கணவர் உங்கள் ஊர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதனால் மறுநாள் கலைச்சொல்லை ஓரம்வைத்துவிட்டு, “பிரேக் இருக்கும் பெட்டியைக் கோக்காமல் அனுப்பிவிட்ட ரயில்” என்றேன். அமெரிக்காவில் 2020இல் ஒப்புதல் பெற்ற கேப்மாட்டினிப் மாத்திரையின் பெயரை மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார். அக்கா அதைக் காட்டி, “அப்படியென்றால் இதுதான் பிரேக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.