புரை ஏறாத தாத்தா

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு வராத குழந்தைகளைப் பேச வைப்பதுதான் என் வேலை என்று சொந்தக்காரர்களே இன்னும் நினைக்கிறார்கள். அதுவும் செய்கிறேன், ஆனால் என் நாளில் பாதி சாப்பாட்டோடுதான் போகிறது. பக்கவாதம் வந்தவர்கள், வாய்ப்புற்றுக்கு ரேடியேஷன் எடுத்தவர்கள், பால் குடிக்கத் திணறும் குறைமாதக் குழந்தைகள் என்று விழுங்க முடியாத எல்லோரும் எங்களிடம் வருவார்கள். பேசுகிற அதே உதடும் நாக்கும் தொண்டையும்தானே விழுங்கவும் வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய தாத்தா, பக்கவாதம் வந்து வீட்டுக்குப் போனவர், ஒரே மாதத்தில் இரண்டாவது முறையாகக் காய்ச்சலும் சளியுமாகத் திரும்பி வந்தார். டாக்டர் என்னைப் பார்க்கச் சொன்னார். கூட இருந்த ஆச்சி சந்தோஷமாகத்தான் சொன்னார்: "மொதல்ல தண்ணி குடிச்சாலே புரை ஏறும் தாயி. இப்ப ஒரு வாரமா ஏறவே இல்ல, நல்லாயிட்டாக."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவோம் இல்லையா, உண்மையில் அது மூச்சுக்குழாய்க்குள் போகப் பார்த்ததை உடம்பு வெளியே தள்ளுகிற இருமல். தொண்டையில் உணர்வு குறைந்துவிட்டால் தண்ணீர் உள்ளே போவது தெரியாது, இருமலும் வராது, சத்தமில்லாமல் நுரையீரலில் இறங்கும், பிறகு நிமோனியா. தாத்தாவுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து "ஆ" சொல்லச் சொன்னேன். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் களகளவென்று இருந்தது, ஒரு சின்ன இருமல்கூட இல்லை. ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று பார்ப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அதனால் எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் என்ற மருந்தைக் கலந்து விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்த்தோம். தண்ணீர் குரல் நாணைத் தாண்டி இறங்குகிறது, அவர் அமைதியாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுத்தபோது சரியான வழியில் போனது. (இந்தத் தாடை தாழ்த்துவது எல்லோருக்கும் பொருந்தாது, சிலருக்கு இதனாலேயே கெடுதல் ஆகும். பரிசோதனை செய்யாமல் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.)

சரி, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் தாத்தா ஆயுசு முழுக்க அண்ணாந்து குடித்தே பழகியவர், டம்ளரில் உதடு வைத்ததே கிடையாது. தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினால் மூச்சுக்குழாய் மூடுவதற்குள் தண்ணீர் இறங்கிவிடும், அவருக்கு அதைவிட ஆபத்தான முறை வேறு இல்லை. "எச்சி பண்ணி குடிக்க மாட்டேன்" என்று குழறிய பேச்சிலும் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் ஓடிப்போனது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அத்தனை வருடத்து ஒழுக்கத்தை ஒரு சின்னப் பெண் வந்து விடச் சொன்னால் யார் விடுவார்கள்? மூன்றாம் நாள் ஆச்சி கடைக்குப் போய் ஒரு புது எவர்சில்வர் டம்ளரில் அவர் பேரை வெட்டி வாங்கி வந்தார். "இது ஒங்களுக்கு மட்டுந்தான், வேற யாரும் தொட மாட்டோம்." அவ்வளவுதான், உதடு வைத்துக் குடித்தார். நான் படித்த படிப்பில் இது இல்லை.

கெட்டியாக்கும் அளவையும் ஆச்சிதான் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு சிரிஞ்ச் கணக்கு உண்டு. 10 மில்லி சிரிஞ்சில் நிறைத்து, அடியில் அடைத்த விரலை எடுத்து 10 விநாடி ஒழுக விட வேண்டும், 4 முதல் 8 மில்லிக்குள் மீதி நின்றால் அது இரண்டாம் நிலை, அதாவது லேசான கெட்டி. தாத்தாவுக்குத் தேவை அதுதான். முதல் நாள் அளந்து பார்த்தவர், மறுநாளில் இருந்து கரண்டியைத் தூக்கி வழிவதைப் பார்த்தே பதம் சொல்லிவிட்டார், நான் அளந்தால் சரியாக இருக்கும். ரசம் சாதத்தைத்தான் விட மனசில்லை ஆச்சிக்கு. காய்ச்சலுக்கு நல்லது என்று ஊட்டியது அதைத்தான். ஒரே வாயில் நீரும் பருக்கையும் தனித்தனியாக ஓடும், பருக்கையை மெல்லும்போதே நீர் உள்ளே போய்விடும் என்று புரிய வைக்க நேரம் எடுத்தது. சாப்பிடும் முன்னும் பின்னும் வாயைச் சுத்தம் செய்வது, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

அதே வருடம் ஒரு மூன்று வயதுக் குழந்தை, பிறந்ததில் இருந்தே மூளைவாதம் (செரிப்ரல் பால்ஸி). அம்மா காலை நீட்டி அதில் மல்லாக்கப் போட்டு, சங்கில் கஞ்சி ஊற்றி, மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பார். ஒரு வேளைச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம். நான் திட்டவில்லை, அவர் வீட்டில் எல்லோரும் காட்டிக் கொடுத்த முறை அது, குழந்தையை மூன்று வருடம் காப்பாற்றியதும் அவர்தான். சுவர் மூலையில் தலையணை வைத்துக் குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்தோம், கழுத்துக்கு முட்டுக் கொடுத்தோம், ஸ்பூனை மேலிருந்து கொண்டு வராமல் நேர் எதிரே கொண்டு வரச் சொன்னேன். முதல் நாள் ஐந்து ஸ்பூன்தான் இறங்கியது. அம்மா அழுதுவிட்டார். "சாப்பிடும்போது இவ என் மொகத்தப் பாத்ததே இல்ல மேடம், இன்னிக்குத்தான் பாக்குறா."

தாத்தா ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார், பேச்சும் தெளிந்திருந்தது. அரை ஸ்பூன் பச்சைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். விழுங்கினார், அடுத்த நொடி கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு ஒரு இருமல். ஆச்சி பதறிப்போய் எழுந்து "யாரோ நெனைக்காக" என்று தலையில் தட்டப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருமட்டும் ஆச்சி, இது நல்ல இருமல்."

மறுபடி எக்ஸ்ரே பார்க்கும் வரை கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். காபி எப்போது என்று தாத்தா கேட்டார், பேர் வெட்டிய டம்ளர் ஆச்சியின் பையில்தான் இருந்தது.