பிட்யூட்டரி கட்டிக்கு வி.இ.ஜி.எஃப். சோதனை வேண்டுமா?

கயல்விழி:
அக்காவுக்குப் போன மாதம் மூக்கு வழியாக, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை எடுத்தார்கள். பெரிய தமனியை ஒட்டியிருந்த துண்டை மட்டும் விட்டுவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில், செல்கள் எவ்வளவு பெருகுகின்றன என்று காட்டும் கே.ஐ-67 இரண்டு சதவீதம். அது மறுபடி வளருமா என்று கேட்டால் பதில் இல்லை. ரத்தக்குழாயை முளைக்க வைக்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்தையும் பார்த்திருக்கலாமே? புதுக் குழாய் இல்லாமல் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே எழுதிவிட்டார்.

முருகானந்தம்:
நான் பேத்தாலஜிஸ்ட்; வெட்டியெடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவன். அக்கா நலமாக இருக்கட்டும். ஆனால் இந்தச் சோதனையை நான் ஏற்க மாட்டேன். பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன் உடனே ரத்தத்தில் சேர வேண்டும். அதனால் இயல்பான சுரப்பியிலேயே செல் கொத்து ஒவ்வொன்றையும் சுற்றி நுண்குழாய்கள். ரத்தக்குழாய்ச் சுவரைக் காட்டும் சிடி34 சாயம் போட்டால் பழுப்பு வலை மாதிரி தெரியும். ஸ்லைடைக் கட்டிப் பக்கம் நகர்த்தினால், பெரும்பாலும் வலை அறுந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். மற்ற பல உறுப்புகளில் கட்டி வந்தால் குழாய்கள் கூடும்; இங்கே நேர் எதிர்.

கயல்விழி:
சார், 1989-இல் விஞ்ஞானி நெப்போலியோன் ஃபெராரா வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிரித்தெடுத்ததே மாட்டுப் பிட்யூட்டரி செல்களிலிருந்துதானே? டெமோசோலமைடு என்ற கீமோ மருந்துக்கு அடங்காத பிட்யூட்டரி கட்டிக்கு, அந்தப் புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தைக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

முருகானந்தம்:
அவர் எடுத்தது நோயில்லாத செல்களிலிருந்து. நல்ல சுரப்பியிலேயே இருக்கும் புரதம் கட்டியில் தெரிந்தால் அது கெட்ட கட்டி என்று எப்படிச் சொல்வது? பெவாசிசுமாப் 2004-இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அங்கேகூட வி.இ.ஜி.எஃப். சாயத்தைப் பார்த்து யாருக்கு மருந்து என்று முடிவு செய்வதில்லை.

தாமரை:
லேபில் இருக்கிறேன். ரத்தத்தில் பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சோதனைக் குழாயில் ரத்தம் உறையும்போது தட்டணுக்களே (பிளேட்லெட்) வி.இ.ஜி.எஃப்.-ஐக் கொட்டிவிடும். ஒரே ஆளின் ரத்தத்தை உறையவிட்டுப் பிரித்த சீரத்தில் ஓர் அளவு, உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மாவில் வேறு அளவு.

கயல்விழி:
சரி, தனியாகப் பார்த்தால் போதாது. கே.ஐ-67, கட்டி வராமல் அடக்கும் புரதமான பி53, வி.இ.ஜி.எஃப். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்? நோயாளி வீட்டுக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டாமா?

முருகானந்தம்:
உறுதியில்லாத எண்ணைக் கையில் கொடுத்தால் அக்காவுக்குத் தூக்கம்தான் போகும். மிச்சத் துண்டு வளர்கிறதா என்று எம்ஆர்ஐ காட்டிவிடும். தேதி தவறாமல் எடுத்து, பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள்.

கயல்விழி:
எம்ஆர்ஐ வளர்ந்த பிறகுதான் சொல்லும், சார். எனக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கைப் பத்திரமாக வைக்கச் சொல்லி நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன்.