பெக்ட்லர் தங்க டாலர் வாங்கலாமா?

காசுப்பிரியன்:
அமெரிக்காவுல கவர்மென்ட் இல்லாம தனியாளுங்க அடிச்ச பழைய தங்கக் காசு மேல ஒரு கிறுக்கு வந்துடுச்சு, எங்க ஆரம்பிக்கிறது? கலிபோர்னியா கரடி போட்ட குட்டிக் காசு ஒண்ணு ஆன்லைன்ல சீப்பா வருது, எடுக்கலாமா?

பழையதுட்டு:
கரடி போட்டதா, வேணாம் பாஸ். ஒரிஜினல் குட்டிக் காசுல டாலர்னோ சுருக்கமா டால்னோ மதிப்பு இருக்கும், கரடி காசெல்லாம் பெரும்பாலும் பின்னாடி வந்த சுவனீர்தான். பெக்ட்லர் பாருங்க. ஜெர்மனிலேர்ந்து வந்த நகைக்காரர், வட கரோலினால 1831ல சொந்தமா அடிக்க ஆரம்பிச்சாரு, கவர்மென்ட்டே தங்க டாலர் விட்டது 1849லதான்! காசுலயே எடையும் கேரட்டும் இருக்கும், 28 ஜி-ன்னா 28 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட 1.8 கிராம், தராசுல வச்சாலே பாதி சந்தேகம் தீந்துடும்.

மஞ்சக்கல்லு:
எல்லாரும் அவர மாதிரி நேர்மையில்லப்பா 😀 மார்மன்னு ஒரு கிறிஸ்தவ மதக் குழுக்காரங்க 1849ல உட்டா பக்கம் அடிச்ச காசுல போட்டிருந்த மதிப்புக்கு தங்கம் இல்லன்னு தெரிஞ்சதும் வெளிய யாரும் முழு விலைக்கு வாங்கல, நிறைய உருகிப் போச்சு, அதான் இப்ப அவ்ளோ ரேர். எனக்குப் புடிச்சது டென்வர்ல கிளார்க் க்ரூபர்னு ஒரு தனியார் கம்பெனி அடிச்ச காசுதான், அவங்க 1860 பத்து டாலர்ல பைக்ஸ் பீக் மலைன்னு ஒண்ணு போட்டிருப்பாங்க பாருங்க, நெஜ மலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது!

காசுப்பிரியன்:
சூப்பர். இதெல்லாம் அப்ப சட்டப்படி ஓகேவா?

பழையதுட்டு:
1864 வரைக்கும் ஓகே, அப்புறம் தடை போட்டுட்டாங்க. எது வாங்கினாலும் பிசிஜிஎஸ் இல்ல என்ஜிசி (காசு அசலான்னு பாத்து தரம் போடற கம்பெனிங்க) ஸ்லாப்ல, அதாவது அவங்க நம்பர் போட்டு சீல் பண்ண பிளாஸ்டிக் பெட்டில, இருக்கறதா வாங்குங்க, ஸ்லாப் நம்பரையும் அவங்க சைட்ல போட்டுப் பாத்துடுங்க, ஸ்லாப்லயே டூப்ளிகேட் வருது.