ஓடுபாதையில் கையை ஊன்றியபோது உடம்பு கேட்காமல் போனவர்கள் சொல்லுங்கள்

லயத்துப்பிள்ளை: மாகாணப் போட்டி, 400 மீற்றர். வலயப் போட்டியைத் தாண்டிப் போன முதல் ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான்தான். தோட்டத் தலைவர் ஒரு கொப்பியோடு லயம் லயமாக (எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர்) போய் பஸ் காசு சேர்த்தார். போவதற்கு முதல் நாள் கோயிலில் அதைப் பேர் பேராக வாசித்தார்கள். கடைசி லயத்துப் பாட்டி 20 ரூபா. மறுநாள் 'செற்' என்றதும் என் காதில் கேட்டது அந்தப் பாட்டியின் பேர்தான். வெடிச் சத்தம் கேட்கவே இல்லை. பக்கத்து லேன் பிள்ளை பாய்ந்த பிறகுதான் கால் எடுத்தேன். எட்டாவது. திரும்பி வந்ததும் பாட்டி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எப்படிக் குடித்தேனோ.

ஹட்டன்காரன்: ஊர்க் காசைக் குறை சொல்லாதீர்கள் தங்கச்சி, அது இல்லாவிட்டால் போயே இருக்க முடியாது. எனக்கு யாரும் காசு சேர்க்கவில்லை, ஆனாலும் நடுங்கினேன். காரணம் எங்கள் சேர். கினிகத்தேனை தாண்டும் வரை "மெடல் இல்லாம இந்த பஸ்ல ஏறாத" என்றே வந்தார். முன்பெல்லாம் முதல் பிழைத் தொடக்கத்துக்கு யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். 2010இலிருந்து சர்வதேச விதியில் ஒரு தடவை பிழைத்தாலே வெளியே. எங்களுக்கும் அதே சட்டம். வெடிக்கு முன்னால் பாய்ந்துவிட்டேன். 100 மீற்றரில் ஒரு மீற்றர்கூட ஓடாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வலைப்பந்து அக்கா: கடைசி நிமிடத்தில் ஒரு கோலைத் தவறவிட்டேன், என் கதை அவ்வளவுதான். ஆனால் பெற்றோருக்கு ஒன்று. பயந்தால் அட்ரினலின் சுரந்து இரத்தம் வயிற்றைவிட்டுத் தசைக்குப் போகும். வயிறு கலக்குவது அதனால்தான், பிள்ளை நடிக்கவில்லை. காலையில் சோற்றைத் திணிக்காதீர்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடப் பழக்குங்கள். முடிந்தால் முதல் நாளே மைதானத்தைக் காட்டுங்கள். சரிவான புல்தரையில் பழகிய பிள்ளை கொழும்பு சுகததாச அரங்கின் செயற்கை ஓடுபாதையைப் போட்டியன்றுதான் முதன்முதலில் பார்க்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அந்தக் குளிரிலிருந்து இறங்கினால் கொழும்பு வெயில் வேறு. அப்புறம், "சுசந்திகாவப் பாரு" என்று சொல்லாதீர்கள். நம் நாட்டு ஓட்ட வீராங்கனை சுசந்திகா 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு 24 வயது. உங்கள் பிள்ளைக்கு 13.

ஒரு அப்பா: வெயிலும் இல்லை, சோறும் இல்லை அக்கா. நான் காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகாமல் ஒரு நாள் பேரை (நாள் கூலியை) விட்டுவிட்டுப் போய், மகள் ஓடும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வீட்டுக்கு வந்து மகள் சொன்னது: "அடுத்த தடவ பெரட்டுக்குப் போங்கப்பா, நானே போய்க்கிறேன்."

லயத்துப்பிள்ளை: ஹட்டன் அண்ணா, நான் காசைச் சொல்லவில்லை. கொப்பியை வாசித்ததைத்தான் சொன்னேன்.